நாற்பத்தேழாவது கிளிக்

ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் வாழ்வில் மூன்று மாத காலம் நான் யாராலும் தாங்க முடியாத ஆளாக இருந்தேன். ஆரோவில்லில் நடந்த ஒரு புகைப்படக் கண்காட்சியைப் பார்த்துவிட்டு, பாண்டிச்சேரியில் ஒரு பழைய பிலிம் கேமராவை வாங்கியதில் வந்த வினை. கழுத்தில் அது தொங்கிய நாள் முதல், செல்போனில் படமெடுப்பவர்களை நான் மனிதராகவே மதிக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அக்காவுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளைக்கு மஸ்கட்டில் வேலை. காலையில் மரக்காணத்தில் தட்டு மாற்றிவிட்டு, அன்று இரவே விமானம் ஏற வேண்டும். திரும்பி வர ஒரு வருடம் ஆகும்.

"ஸ்டூடியோக்காரரு எதுக்குப்பா? நான் இருக்கேன்" என்று அப்பாவிடம் சொன்னேன். (அவர் நம்பினார். பெற்ற பாவம்.) அதோடு விட்டேனா? வந்த உறவினர்களின் செல்போன்களை எல்லாம் வாங்கிக் கட்டைப்பையில் போட்டு பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

சித்தப்பா மகன் தினேஷ் மட்டும் கெஞ்சினான். "டேய், சேஃப்டிக்கு ரெண்டே ரெண்டு எடுத்துக்கிறேன்டா."

"டிஜிட்டல்ல ஆயிரம் எடுத்தாலும் அதுல ஆன்மா இருக்காதுடா" என்றேன். (அப்போது என்னிடம் ஆன்மா ஏகப்பட்ட ஸ்டாக் இருந்தது.)

மோதிரம் மாற்றியதும் ஜோடியை அப்பா குத்தகைக்கு எடுத்திருந்த உப்பளத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். உச்சி வெயில். பிலிமுக்கு வெளிச்சம் வேண்டும், உப்பைப் போல வெளிச்சம் தருவது எதுவுமில்லை என்பது என் கண்டுபிடிப்பு. பாத்தி நடுவில், செருப்பில்லாமல் நிற்க வைத்தேன். மாப்பிள்ளையின் பித்த வெடிப்பில் உப்புத் தண்ணீர் இறங்கி, மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது.

"அப்படியே இருங்க மாமா, நேச்சுரலா இருக்குது!" என்று கத்தினேன்.

அக்காவின் பட்டுப் புடவைக் கரை நனைந்து விறைத்துப்போனது. அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. "நல்லா எடுடா. இன்னும் ஒரு வருஷத்துக்கு இந்த போட்டோதான் எங்களுக்கு" என்று மட்டும் சொன்னாள்.

முப்பத்தாறு படம் எடுக்கக்கூடிய ரோல் அது. முப்பத்தாறு முடிந்தது. அடுத்த படத்துக்கு பிலிமை நகர்த்தும் லீவரை இழுத்தேன், நகர்ந்தது. நாற்பது. அதுவும் நகர்ந்தது. நாற்பத்தேழு வரை எடுத்தேன். நுனியில்கூட வீணாக்காமல் கஞ்சத்தனமாக பிலிம் மாட்டிய என் கைத்திறமையை நானே மெச்சிக்கொண்டேன். ரோலைத் திருப்பிச் சுற்றியபோது ரெண்டே சுற்றில் முடிந்துவிட்டது. அதற்கும் என் கை லாவகமே காரணம் என்று நினைத்தேன்.

நான்கு நாள் கழித்து, பாண்டிச்சேரியில் பிலிம் கழுவுகிறவர் ஒரு வெற்றுப் பட்டையை என் முன்னால் போட்டார். "தம்பி, பிலிமோட நுனி உள்ள மாட்டவே இல்ல. நீங்க லீவரை இழுத்தீங்க, பிலிம் எடத்த விட்டு நகரல. முப்பத்தாறுக்கு மேல போவசொல்லவே சந்தேகம் வர வேணாமா?"

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். அக்கா அழுதாள். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பேன். அவள் சத்தமில்லாமல் அழுதபோது, அந்தக் கேமராவைக் கழிமுகத்தில் வீசிவிட வேண்டும் போலிருந்தது. அவ்வளவு வெட்கமாக இருந்தது.

அந்த வாரமே, உப்பளத்தில் வேலை செய்யும் அஞ்சலை அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் உறவினர்களின் போனைத்தான் பிடுங்கினேன். உப்பு வாரிக்கொண்டிருந்தவர்களை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை.

"நீ பண்ண கூத்தப் பார்த்து சிரிப்பு வந்துச்சு தம்பி. அதான் ஒண்ணு எடுத்தேன்" என்று கண்ணாடி விரிசல் விட்ட தன் போனை நீட்டினார்.

படத்தில் நடுநாயகமாக நான். வேட்டியை மடித்துக் கட்டி, பாத்தியில் குனிந்து, பின்பக்கம் முழுவதையும் அஞ்சலை அக்காவுக்குக் காட்டிக்கொண்டிருக்கிறேன். எனக்கு இந்தப் பக்கம் அக்காவின் வளையல் கை. அந்தப் பக்கம் மாப்பிள்ளையின் ஒரு காது.

நிச்சயதார்த்தத்துக்கு மிஞ்சிய ஒரே படம் அதுதான். மாமா அதை மஸ்கட்டில் ஒரு வருடம் போனில் வைத்திருந்தார். இப்போது பெரிதாக்கிச் சட்டம் போட்டு அவர்கள் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறார்கள். யார் வந்தாலும் காபி கொடுப்பதற்கு முன்பே மாமா அதைக் காட்டிவிடுவார்.

"எங்க மச்சான் எங்கள பிலிம்ல எடுத்துனு இருந்தப்ப, டிஜிட்டல்ல எடுத்ததுங்க."