நான்காவது தொட்டி

அன்று காலை எட்டு மணிக்கு அந்த அலபாமா ராணுவப் பணிமனையின் பெயிண்ட் கொட்டகையில் இருந்தவர்கள்: பெயிண்டர் ஓடெல், வண்டிகளை இழுத்து வரும் வெர்ன். நான்கு தொட்டி வண்டிகளும் இருந்தன. பன்னிரண்டுக்கு ஆய்வாளர் லூரீன் வருவார். அவருக்கு அது வேலையில் கடைசி நாள்.

நான்காவது தொட்டியில் பெயிண்ட் கொப்பளித்துக்கொண்டிருந்தது.

விஷ ரசாயனம் பட்ட லாரிகளை வெந்நீரால் கழுவும் தொட்டிகள் அவை. படுத்த பீப்பாய், இரண்டு சக்கரம், ஒரு புகைபோக்கி. எதற்கும் கரையாத பச்சைப் பூச்சு அவற்றின் மேல் ஏற வேண்டும். ஓடெலின் பூச்சு ஏற்கெனவே இரண்டு முறை ஆய்வில் தேறவில்லை. மூன்றாவது முறையும் தேறாவிட்டால் ஸ்ப்ரே கன்னைப் பிடுங்கிக்கொண்டு, கையில் துடைப்பத்தைக் கொடுத்துவிடுவார்கள்.

"இரும்பு சுடுதுய்யா," என்றான் ஓடெல்.

"வெயில்ல நின்னுச்சுல்ல?"

"மத்த மூணும் நிழல்லயா நின்னுச்சு?"

"அதெல்லாம் சாம்பல் கலர் ப்ரைமர், அடிப்பூச்சு. இதுக்கு அது தீர்ந்துபோய் கறுப்பு அடிச்சிருப்பாங்க. கறுப்பு சூட்டை இழுக்கும். பள்ளிக்கூடம் போனியா இல்லையா?"

"மூடியத் திறந்து பாக்கலாமா?"

"பூட்டியிருக்கு. சாவிய ராணுவத்துகிட்ட போய்க் கேளு."

ஓடெல் சுரண்டிவிட்டு மறுபடி அடித்தான். மறுபடி கொப்பளம். பெரிய மின்விசிறியைக் கொண்டுவந்து அடியிலிருந்த துவாரத்துக்கு நேராக வைத்தான். பத்து நிமிஷத்தில் கையே வைக்க முடியவில்லை.

தண்ணீர் ஊற்றினான். சுர்ரென்று ஆவி கிளம்பியது.

"பசிக்குது," என்றான் வெர்ன். "எங்கயோ கறி வேகுற வாசனை."

"வாய மூடிட்டு அந்த டேப்பை எடு. காத்து உள்ள போய்ப் போய் வருது, அதான் சூடு."

புகைபோக்கி, துவாரம், மூடியின் விளிம்பு என்று ஒரு ஊசி நுழையும் இடம்கூட விடாமல் டேப் ஒட்டினான். ஒரு மணி நேரத்தில் இரும்பு அடங்கியது. மிச்சமிருந்த வெதுவெதுப்பில் பூச்சு கல்லாக இறுகியது.

லூரீன் நேராக நான்காவது தொட்டிக்குத்தான் போனார். பெயிண்டைக் கரைக்கும் மருந்தில் நனைத்த வெள்ளைத் துணியால் நூறு முறை தேய்த்தார். துணி வெள்ளையாகவே இருந்தது.

"முப்பது வருஷத்துல இப்படி ஒரு பூச்சை நான் பாத்ததில்ல, ஓடெல்."

"தேறிட்டேனா மேடம்?"

"என் கடைசி முத்திரை உனக்குத்தான்."

குத்திவிட்டார். ஓடெல் ஸ்ப்ரே கன்னை இனி யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்பதுபோல் மார்போடு பிடித்துக்கொண்டான்.

வாசலில் கேன்டீன் சமையல்காரர் கிளீட்டஸ், ஏப்ரனோடு, கையில் ஒரு சாவியோடு வந்து நின்றார்.

"மிஸ் லூரீன், என் கறி அடுப்பைக் காணோம், சக்கரம் வச்ச பீப்பாய் அடுப்பு. அது நின்ன இடத்துக்குப் பக்கத்துல சாம்பல் கலர்ல ஒரு தொட்டி நிக்குது, அது என்னுது இல்ல. என்னுது கறுப்பு. விடியக்காலைல இருந்து உள்ள உங்க விருந்துக்குப் பன்றி வெந்துட்டிருக்கு."

ஓடெல் பெயிண்ட் அறைக்குள் போய், கதவைச் சாத்திப் பூட்டிக்கொண்டான்.