அரை டம்ளர் விமர்சனம்

கள்ளக்குறிச்சியில் இன்று யாராவது உருப்படியாக நாலு புத்தகம் படித்திருந்தால், அதற்கு ஒரே காரணம் சமையல் கேஸ்தான். நூலகம் இருக்கிறது, பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு ஊரையே பிடித்து உலுக்கிப் படிக்க வைத்தவர், வீட்டுக்கு வீடு சிலிண்டர் போட வந்த சாக்பீஸ் அண்ணன்.

அவருடைய நிஜப் பெயர் கேஸ் ஏஜென்சிக்காவது தெரியுமா என்பது சந்தேகம். காக்கிச் சட்டைப் பையில் பேனா இருக்கவேண்டிய இடத்தில் எப்போதும் இரண்டு சாக்பீஸ் துண்டு இருக்கும். நான் மாற்றலாகி வந்து, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு தெருவில் குடியேறிய முதல் வாரம், தோளில் சிலிண்டரோடு உள்ளே வந்தார். டொக்கென்று இறக்கினார். ரெகுலேட்டரை மாட்டினார். சோப்புத் தண்ணீர் விட்டுப் பார்த்தார். அடுத்து ஓ.டி.பி. கேட்பார் என்று நான் செல்போனை எடுத்தேன். அவர் கேட்டது வேறு.

"இன்னா படிச்சிக்கினு இருக்கீங்க சார்?"

"பி.காம்" என்றேன்.

"அது முடிஞ்சி போன கதை சார். இப்ப இன்னா படிச்சிக்கினு இருக்கீங்க?"

அவர் சிலிண்டரை மெதுவாகத் திருப்பி வைத்தார். அதன் சிவப்பு வயிற்றில் சாக்பீஸால் ஒரு நாவலின் பெயர். அதற்குக் கீழே, 'மூணாவது தெரு நர்சம்மா சொன்னது. அழுவாச்சி ஜாஸ்தி. கர்ச்சீப் வச்சிக்கவும்.'

இதுதான் அவர் செய்துவந்த வேலை. ஒரு வீட்டில் என்ன படிக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டு, அதை அடுத்த வீட்டுச் சிலிண்டரில் எழுதிவிடுவார். புத்தகத்தைக் கையில் தொட மாட்டார். "கேஸ் வண்டில காயிதம் ஏத்தக் கூடாது சார். பேரை மட்டும்தான் ஏத்தலாம்" என்பார். நூலகத்தில் தேடுவதோ, கடன் வாங்குவதோ உங்கள் பாடு. ஆனால் சிலிண்டர் தீர்வதற்குள் புத்தகம் முடிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் நடுத்தெருவில் நின்று, "கேஸு தீந்து போச்சி, புக்கு தீரலியா?" என்று எட்டு வீட்டுக்குக் கேட்கும்படி விசாரிப்பார். எதிர் வீட்டு வங்கிக்காரர் ஒரு தலையணை அளவு மொழிபெயர்ப்பு நாவலில் மாட்டிக்கொண்டு, சிலிண்டர் தீராமல் இருப்பதற்காக ஒரு மாதம் முழுக்கக் கரண்ட் அடுப்பில் சமைக்க வைத்தார். அப்போதும் முடிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, மழை வரும்வரை. ஒரு நாள் கோடி வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த அம்மா, இரண்டு குழந்தைகளையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடி வந்தார். "யாராச்சும் ஓடியாங்க! சிலிண்டர்லயே எழுதிக் கீது!" தைரியசாலிகள் இரண்டு பேர் ஈரச் சாக்கோடு போய்ப் பார்த்தோம். தூறலில் புத்தகத்தின் பெயர் கரைந்துபோய், கீழ் வரி மட்டும் தெளிவாக மிஞ்சியிருந்தது. 'மெதுவாத்தான் போவும். அப்புறம் குபீர்னு பத்திக்கும்.'

சாக்பீஸ் அண்ணன் வந்து, "அது கதையைச் சொன்னது மா" என்று தலையைச் சொறிந்தார். அந்த அம்மா மூச்சு வாங்கியபடி அவரை முறைத்தார். பிறகு, "இன்னா கதை அது?" என்றார். ஆறே மாதத்தில் தெருவிலேயே ஜாஸ்தி படிக்கிறவர் அவர்தான்.

ஆனால் விஷயம் ஏஜென்சிக்குப் போய், இனிமேல் சிலிண்டரில் கருத்து எழுதக் கூடாது என்று கண்டித்துவிட்டார்கள். அண்ணன் அசரவில்லை. கருத்துக்குப் பதிலாகப் படம் போட ஆரம்பித்தார். புத்தகத்தின் பெயர், பக்கத்தில் டம்ளர். படித்துக்கொண்டிருந்தபோது அடுப்பில் பால் எத்தனை தடவை பொங்கி வழிந்ததோ, அத்தனை டம்ளர். அதைவிட நேர்மையான விமர்சன முறையை நான் இன்றுவரை எந்தப் பத்திரிகையிலும் பார்க்கவில்லை. அந்த ஊரில் மூன்று டம்ளர் வாங்கிய நாவலுக்கு நூலகத்தில் அடிதடி நடக்கும்.

இப்போது என் வெட்கக்கேட்டைச் சொல்லியாக வேண்டும். நானும் ஒரு புத்தகம் எழுதியிருந்தேன். சின்ன நாவல். அதன் பெயரை இங்கே சொல்லி விளம்பரம் தேட மாட்டேன், தேடினாலும் பயனில்லை. மீதிப் பிரதிகள் கட்டிலுக்கு அடியில் கட்டுக்கட்டாகத் தூங்கின. வாங்கிப் போன நண்பர்கள் எல்லோரும் "அட்டை பிரமாதம்" என்றார்கள். எழுத்தே நமக்கு வராதோ என்ற பயம் உள்ளே அரித்துக்கொண்டிருந்தது. இரண்டாவது நாவலில் பத்துப் பக்கத்தோடு பேனாவை மூடிவைத்திருந்தேன். முதல் புத்தகத்தை ஒரே ஒருவராவது நிஜமாகப் படித்தார் என்று தெரிந்தால்தான் மேலே எழுதுவது, இல்லையென்றால் விட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

என் புத்தகத்தின் பெயர் யார் வீட்டுச் சிலிண்டரிலாவது வராதா என்று ஏங்கினேன். அதை அடுப்பு மேடையில், அண்ணனின் கண்ணில் படும்படி வைத்தேன். அவர் அதைத் திரும்பியும் பார்க்காமல் ரெகுலேட்டரை மாட்டினார். வாய்விட்டுக் கேட்டே விட்டேன்.

"எழுதுனவரு சொன்னா செல்லாது சார். படிச்சவங்க சொல்லணும்."

அடுத்த முறை என் மனைவியை முன்னால் தள்ளினேன். "நான் படிச்சேங்க, ரெண்டு தடவை பால் பொங்கிச்சி" என்றாள், சுவரைப் பார்த்துக்கொண்டு. அண்ணன் அடுப்பைக் குனிந்து பார்த்தார்.

"அடுப்பு பளபளன்னு கீதே அக்கா."

அவள் சிரித்துவிட்டாள். என் முகம் விழுந்ததை அவர் கவனித்திருக்க வேண்டும். வாசல் வரை போனவர் திரும்பி வந்து, புத்தகத்தை எடுத்துச் சட்டைக்குள் வயிற்றோடு செருகிக்கொண்டார்.

"வண்டில ஏத்தக் கூடாதுன்னீங்களே?"

"ஏத்தல சார். போட்டுக்கினு போறேன். வெள்ளிமலைல டீக்கடை மலையக்கா இருக்காங்க. அவங்க கையில குடுக்கறேன். அவங்க சொன்னா சொன்னதுதான்."

மலையக்காவைப் பற்றி ஊரே அறியும். கல்வராயன் மலை உச்சியில் பஸ் திரும்பும் இடத்தில் கடை. பஸ்ஸுக்கும் பஸ்ஸுக்கும் இடையில் படிப்பார். எத்தனையோ புத்தகம் படித்தும் அவர் கடையில் பால் ஒரு தடவைகூடப் பொங்கியதில்லை. மற்ற வீடுகளில் மூன்று டம்ளர் வாங்கிய நாவல்கள் எல்லாம் அவரிடம் போய்ச் சுழியத்தோடு இறங்கி வந்திருக்கின்றன.

வியாழக்கிழமைதோறும் மலைக்கு லோடு போகும். வெள்ளிக்கிழமை காலையில் பல் தேய்க்கும் பிரஷ்ஷோடு கேட்டில் நின்றேன்.

"ஒம்பதாம் பக்கம் சார்."

"எப்படி இருக்காம்?"

"கேக்கறதுக்குள்ள பஸ்ஸு வந்துடுச்சி."

அடுத்த வாரம் பன்னிரண்டாம் பக்கம். அதற்கடுத்த வாரம் பதினொன்று.

"என்னண்ணா, பின்னால போறாங்க?"

"புரியலன்னு திரும்பப் படிக்கறாங்க சார்."

"உங்க புக்கு மலை ஏறுதா, எறங்குதாங்க?" என்றாள் என் மனைவி.

ஆனால் அந்த நாட்கள் கனவு மாதிரி இருந்தன. ஆபீசில் கோப்பைத் திறந்தால் கல்வராயன் மலை தெரியும். வளைந்து வளைந்து ஏறும் பாதை, கடை வாசல்வரை வந்து நிற்கும் மூடுபனி, பாய்லரின் ஆவி. பனிக்கும் ஆவிக்கும் நடுவில் முகம் தெரியாத ஒரு பெண் என் வரியை விரலால் தொட்டுத் தொட்டுப் போகிறாள். விரல் நிற்கிறது. பஸ் ஹாரன் கேட்கிறது. டீ ஆற்றிவிட்டுத் திரும்பி வந்து, விட்ட இடத்தைத் தேடுகிறாள். அந்த இடத்தில் நான் காத்துக்கொண்டிருக்கிறேன். எழுதிய காலத்தில்கூட அந்தப் புத்தகத்துக்குள் நான் அவ்வளவு நாள் வசித்ததில்லை.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை. அண்ணன் வந்தார். வண்டியிலிருந்து ஒரு சிலிண்டரை இறக்கி எங்கள் வாசலில் வைத்து, சாக்பீஸை எடுத்தார். நிதானமாக என் புத்தகத்தின் பெயரை எழுதினார். பக்கத்தில் ஒரு டம்ளர் வரைந்தார். இல்லை, பாதியில் நிறுத்திவிட்டார்.

"அரை டம்ளரா?"

"பொங்கி வெளிம்பு வரைக்கும் வந்துச்சாம் சார். ஊதி அடக்கிட்டாங்களாம். அதான் அரை."

"அவ்வளவுதானா?"

"சார், அவங்க கடைல பாலு வெளிம்புக்கு வந்ததே இதான் மொத தடவ. எம்பத்தாறாம் பக்கமாம்."

உள்ளே ஓடினேன். நான் உயிரைக் கொடுத்து எழுதிய சாவுக் காட்சியாக இருக்கும் என்று நினைத்தேன். அது இல்லை. சண்டை போட்டுக்கொண்ட அண்ணனும் தம்பியும் மழையில் ஒரே குடைக்குள் பஸ்ஸுக்கு நடக்கிற இடம். பக்கம் நிரம்புவதற்காக எழுதிய ஆறு வரி. படித்தேன். இன்னொரு தடவை படித்தேன்.

திரும்பி வந்தபோது, அண்ணன் அந்தச் சிலிண்டரைத் தோளில் ஏற்றிக்கொண்டு கோடி வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். இறக்கிவிட்டு வந்தவரின் காக்கித் தோளில் என் புத்தகத்தின் பெயர் இடவலம் மாறி, வெள்ளையாகப் பதிந்திருந்தது.

"தட்டிடாதீங்கண்ணா" என்றேன்.

"தட்ட மாட்டேன் சார். வேர்வைல தானா போவும்."

ஒரு முழு டம்ளர் வரைய அவருக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? நான் நம்பியிருப்பேன், மகிழ்ந்திருப்பேன். அவர் வரையவில்லை. அதனால்தான் அந்த அரை டம்ளரை நான் நம்பினேன். அன்று மாலையே இரண்டாவது நாவலைப் பத்தாம் பக்கத்திலிருந்து மேலே எழுத உட்கார்ந்தேன்.

இப்போது வேறு ஊர். இங்கேயும் சிலிண்டர் வருகிறது. போடுகிறவர் நல்ல மனிதர், ஓ.டி.பி. மட்டும் கேட்கிறார். அவர் போனதும் சிலிண்டரை ஒரு சுற்று சுற்றிப் பார்க்கிறேன். வெறும் சிவப்புதான்.

சாக்பீஸ் அண்ணா, நேற்று எங்கள் வீட்டில் பால் இரண்டு முறை பொங்கி வழிந்தது. நல்ல புத்தகம். இந்த ஊரில் நான் அதை யாரிடம் போய்ச் சொல்வேன்?