இடது கைக்குக் காவல்

விக்கல் வந்தபோது வயர்மேன் ஏணியின் மூன்றாவது படியில் நின்றுகொண்டிருந்தார். அவர் நிற்கவே கூடாத இடம். அதைவிட மோசம், அவருடைய இடது கை தலைக்கு மேலே போய் ஃபேன் கப்பைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"விக்!"

எட்டு வாரத்துக்கு முன்னால்தான் அவருக்கு பேஸ்மேக்கர் வைத்திருந்தார்கள். இதயத் துடிப்பு மந்தமாகி, வேலை செய்துகொண்டிருந்த இடத்திலேயே ஏணியிலிருந்து பொத்தென்று விழுந்த மனிதர் அவர். தோள்பட்டை எலும்புக்குக் கீழே சின்னதாகக் கீறி, ரத்தக் குழாய் வழியாக இரண்டு வயர்களை இதயத்துக்குள் விட்டு, நுனியை உள்சுவரில் திருகிப் பொருத்தி, மறுமுனையைத் தீப்பெட்டி அளவு மெஷினில் சொருகித் தோலுக்கடியில் வைத்துத் தைத்துவிட்டார்கள். மரத்துப்போக ஊசி போட்டதோடு சரி, ஆள் முழித்துக்கொண்டுதான் இருந்தார். முழித்திருக்கும் வயர்மேன் சும்மா படுத்திருப்பாரா?

"டாக்டர், வயரைக் கொஞ்சம் தொய்வா விடுங்க. விறைப்பா இழுத்தா நாளைக்குப் பிடுங்கிக்கும்."

"விட்டாச்சுங்க."

"நுனியை லேசா இழுத்துப் பாத்தீங்களா?"

"பாத்தாச்சு. நீங்க கொஞ்சம் இருமுங்க. இருமினாலும் நகராம இருக்கான்னு பாக்கணும்."

இருமினார். வயர் நகரவில்லை. "பரவாயில்லையே, நல்ல கை உங்களுக்கு" என்று டாக்டரைப் பாராட்டிவிட்டுத்தான் ஓய்ந்தார்.

வீட்டுக்கு அனுப்பிய அன்று அவர் சட்டை மாற்றிக்கொண்டிருந்ததால், செய்ய வேண்டியது, கூடாதது எல்லாவற்றையும் நர்ஸிடம் மனைவிதான் கேட்டுக்கொண்டு வந்தாள். வாசல் தாண்டும்போதே ஆரம்பித்தாள்.

"மூணு மாசத்துக்கு இடது கை தோளுக்கு மேல போகக் கூடாது. ஏணிப் பக்கமே தலை வெச்சுப் படுக்கக் கூடாது. மீறினா வயர் கழண்டுக்குமாம். திரும்பவும் நெஞ்சைக் கீறுவாங்களாம்!"

அன்றிலிருந்து அந்தக் கைக்குக் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு காவல் இருந்தாள். தலை வாரிவிடுவது அவள், அலமாரியிலிருந்து எதையும் எடுப்பது அவள். தூக்கத்தில் கை தன்னால் தூக்கிக்கொள்ளுமோ என்று சட்டைக் கையை இடுப்போடு சேர்த்துப் பின் குத்திவிடுவாள். கணவர் ஒருநாள் கொட்டாவி விட்டதற்குக்கூட ஓடி வந்தாள்.

இன்று அவள் கடைக்குப் போயிருந்தாள். ஃபேன் ஒரு வாரமாக லொடலொடவென்று ஆடிக்கொண்டிருந்தது. ஊரார் வீட்டு ஃபேனையெல்லாம் ஓட வைத்தவர் வீட்டில் இப்படி ஒரு சத்தம் என்றால் மானம் போகாதா? பத்து நிமிஷ வேலை, யாருக்குத் தெரியப் போகிறது என்று ஏறிவிட்டார்.

"விக்! விக்!"

'போச்சு. லூஸ் காண்டாக்ட்!' அவருக்கு வியர்த்துவிட்டது. மறுபடியும் அந்த மேஜை, அந்த விளக்கு, அந்தக் கத்தி. அதுகூடப் பரவாயில்லை, மனைவியிடம் என்ன சொல்வது?

இறங்கினார். ஏணியை எடுத்த இடத்திலேயே கொண்டுபோய்ச் சாத்தினார். வலது பக்கம் நன்றாகச் சாய்ந்தால் விக்கல் நிற்பதைக் கண்டுபிடித்தார். அப்படியே சாய்ந்து நின்றபோது மனைவி உள்ளே வந்தாள்.

"என்னங்க இது, விழப்போற சுவர் மாதிரி நிக்கிறீங்க?"

"கழுத்து பிடிச்சுக்கிச்சு."

"அவ்வளவுதானே!" தைலத்தை எடுத்து வந்து, தலையை இரண்டு கையாலும் பிடித்து நிமிர்த்தினாள்.

"விக்!"

"அட, யாரோ உங்களை நினைக்கிறாங்க."

'ஆஸ்பத்திரியிலதான் நினைக்கிறாங்க' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார்.

ஒரு சொம்பு தண்ணீரைக் கொடுத்து மூச்சு விடாமல் குடிக்கச் சொன்னாள். சாய்ந்தபடி குடித்தால் சட்டைதான் குடித்தது. நிமிர்ந்து குடித்தால் விக்கல் வந்து தண்ணீர் மூக்கில் ஏறியது. இருமலும் விக்கலும் சேர்ந்து அமர்க்களமாக இருந்த நேரத்தில் மச்சினன் வந்து சேர்ந்தான். அக்காவிடம் விஷயத்தைக் கேட்டான்.

"இதுக்குப் போயா இந்தப் பாடு? திடீர்னு பயமுறுத்தினா விக்கல் பறந்துடும்."

சொன்னவன் போய்விட்டான் என்றுதான் வயர்மேன் நினைத்தார். அவன் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு காகிதப் பையை ஊதி, அவர் காதருகே பட்டென்று உடைத்தான்.

வயர்மேன் ஒரு அடி எகிறினார். இரண்டு கைகளும் கூரையைப் பார்த்து நின்றன. மூன்று பேரும் இடது கையையே பார்த்தார்கள்.

"ஐயோ, கை! அடப்பாவி, வயரைக் கழட்டிட்டியேடா!"

"விக்! விக்! விக்!"

"பாரு, அதுவே சொல்லுது!" என்று தம்பியின் முதுகில் இரண்டு போட்டாள்.

மச்சினன் முகம் வெளிறிவிட்டது. "மாமா, சத்தியமா வேணும்னு செய்யல மாமா..."

வயர்மேன் வாயைத் திறந்தார். பழி தானாக வேறொருவன் தலையில் போய் உட்கார்ந்திருந்தது. மூடிக்கொண்டார்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் மச்சினன் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தான். எக்ஸ்ரே எடுக்கும்போதும் அழுதான். டாக்டர் அறைக்குள் வந்ததும் அவர் கேட்பதற்கு முன்னாலேயே, "என் மேலதான் தப்பு டாக்டர், எங்க மாமாவைக் காப்பாத்துங்க!" என்று கைகூப்பினான்.

வயர்மேனுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"அவன் மேல தப்பில்ல. அவன் வர்றதுக்கு முன்னாடியே... விக்... நான் ஏணியில ஏறிட்டேன். ஃபேனைச் சரி பண்ணினேன்."

மனைவி மெதுவாகத் திரும்பினாள். "இன்னைக்கு மட்டுமா?"

"போன வாரம் மாடி வீட்டு பல்பு. அதுக்கு முன்னாடி... விக்... மோட்டார் ஸ்விட்ச்."

"டாக்டர் இன்னும் ஒண்ணுமே கேக்கல. அதுக்குள்ள மூணா?" அவள் குரல் உடைந்துவிட்டது. "அன்னைக்கு நீங்க ஏணிக்குக் கீழ பேச்சுமூச்சில்லாம கெடந்தப்ப என் உசிரு என்கிட்ட இல்லீங்க. அதுக்குத்தானே இத்தனை காவல்!"

அவருக்கு வெட்கமும் வருத்தமும் ஒன்றாக வந்தன. "தப்புதான். இனிமே நீ சொல்ற வரைக்கும் இந்தக் கையை அசைச்சா என்னன்னு கேளு."

டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். "கொஞ்சம் என்னையும் பேச விடறீங்களா? வயர் வெச்ச இடத்துலயே இருக்கு. நூலளவும் நகரல."

"அப்போ விக்கல்?"

"பக்கத்துல மூச்சு விடற தசைக்குப் போற நரம்பு ஒண்ணு ஓடுது. ஆரம்பத்துல வோல்டேஜைக் கொஞ்சம் கூடுதலாத்தான் வெப்போம். அது நரம்பையும் தட்டுது. குறைச்சுட்டாப் போதும்."

"அதானே! ஓவர் வோல்டேஜ்!" வயர்மேனுக்குத் தொழில் மானம் திரும்பிவிட்டது.

நெஞ்சின் மேல் ஒரு வட்டக் கருவியை வைத்து, டாக்டர் திரையில் இரண்டு இடத்தில் தட்டினார். விக்கல் ஸ்விட்சை அணைத்ததுபோல் நின்றது. மச்சினன் கைதட்டினான். கத்தி இல்லை, தையல் இல்லை. மனைவி முகத்தில்கூடச் சிரிப்பு எட்டிப் பார்த்தது.

"இப்போ இடது கையை நல்லா மேல தூக்குங்க, பாப்போம்" என்றார் டாக்டர்.

வயர்மேன் தூக்கவில்லை. வாக்குக் கொடுத்து ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லையே. அனுமதி கேட்பதுபோல் மனைவியைப் பார்த்தார். அவளோ பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

"அதான் சரியாயிடுச்சே, கிளம்பலாங்க. வீட்டுல போட்டது போட்டபடி கெடக்கு."

ஃபைலைப் புரட்டிக்கொண்டிருந்த நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள்.

"பயப்படாம தூக்குங்க சார். ஆறு வாரம் முடிஞ்சதுமே தினமும் கையைத் தூக்கிப் பழகணும், இல்லாட்டி தோள் இறுகிடும்னு உங்க வீட்டம்மாகிட்ட அன்னைக்கே ரெண்டு தடவை சொல்லி அனுப்பினேனே!"