வட்டகொடைக் குளிரில் பிறந்தவர்

ஆண்டியப்பன் ஒரு சபதம் எடுத்தார். நுவரெலியாவுக்கு ஒரே ஒரு பேக். அதற்கு மேல் ஒரு பிளாஸ்டிக் சிலிசிலிப் பையைக்கூட அவர் கை தொடாது. முக்கியமாக, தனக்கு ஸ்வெட்டர் கிடையாது.

சபதத்துக்குக் காரணம் ஒரு படம். போன தை மாதம் அங்கே மச்சினன் விஜிதரன் வீட்டுக்குப் போனபோது, மனைவி ஜீவராணி அவரைக் குல்லா, மப்ளர், ஸ்வெட்டர், அதற்கு மேல் ஒரு கோட் என்று சுற்றி அனுப்பியிருந்தாள். பஸ்ஸை விட்டு இறங்கியவரைச் சுற்றிவந்து, "மச்சான், உள்ளுக்குத்தான் இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு, விஜிதரன் ஒரு படம் பிடித்தான். 'பொல்பிட்டியப் பொட்டலம்' என்று பெயரும் வைத்துக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டான். அதற்குப் பிறகு எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் ஆண்டியப்பனைப் பொட்டலம் என்றே விசாரித்தார்கள்.

அவருக்கு அது பொறுக்கவில்லை. அவர் மலை மேல் வட்டகொடைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவர். கல்யாணத்துக்குப் பிறகுதான் கீழே பொல்பிட்டியவுக்கு வந்து ஆட்டோ ஓட்டி, வெக்கையில் வெந்து, பனியை மறந்துபோனார். இப்போது விஜிதரன் புது வீட்டுக்குப் பால் காய்ச்சுகிறான். சொந்தக்காரர்கள் எல்லாரும் வருவார்கள். அத்தனை பேர் முன்னாலும் ஒற்றைச் சட்டையோடு நின்று, போன மானத்தை மீட்டுக்கொண்டு வரவேண்டும்.

"நான் வட்டகொடை குளிர்ல பொறந்தவன். எனக்கு எதுக்கு ஸ்வெட்டர்?" என்றார்.

"பொறந்தன்னைக்கே உங்கள கம்பளியிலதான் சுத்தி வச்சிருப்பாங்க," என்றாள் ஜீவராணி.

"ஒனக்கும் வேணாம். ஒரு ராத்திரி சங்கதி. சால்வைய போத்திக்க."

சொன்னதோடு விடாமல், பேக்குக்குள் இருந்த அவளுடைய ரோஸ் நிற ஸ்வெட்டரைத் தன் கையாலேயே எடுத்துக் கட்டிலில் போட்டார். கழுத்தில் பூப்போட்ட ஸ்வெட்டர் அது. ஜீவராணி ஒன்றும் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தால் பயப்பட வேண்டும் என்பது இத்தனை வருஷத்தில் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவரோ ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு டீ கேட்டார்.

ஒரே ஒரு விஷயத்தில்தான் சபதம் கொஞ்சம் வளைய வேண்டியிருந்தது. பொல்பிட்டியவில் இருந்து நுவரெலியாவுக்குப் பலாக்காயும் தேங்காயும் இல்லாமல் யாரும் போவதில்லை. அந்தக் குளிரில் இரண்டும் காய்க்காது. வெறுங்கையோடு போய் நின்றால், விஜிதரன் பெண்சாதி பிரியந்தி வாயால் வாங்க என்பாள், கண்ணால் கையைப் பார்ப்பாள். ஆகவே பேக்கோடு ஒரு சாக்கும் கிளம்பியாக வேண்டும். அதை யார் தூக்குவது என்று ஆண்டியப்பன் காலையெல்லாம் புலம்பிக்கொண்டிருந்தார்.

மத்தியானம் போனைப் பார்த்தார். நுவரெலியாவில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கும் படத்தை யாரோ போட்டிருந்தார்கள். பொல்பிட்டிய வெயிலில் உட்கார்ந்திருந்த ஆண்டியப்பன் தோள் துண்டை எடுத்துப் போர்த்திக்கொண்டார். பழைய மண்நிற ஸ்வெட்டர் ஒன்று இருந்தது. மெல்லிசு. சட்டைக்கு உள்ளே போட்டால் வெளியே தெரியாது. ஆனால் இந்த வெக்கையில் வீட்டிலேயே போட்டுக்கொண்டு கிளம்ப முடியாது. பேக்கில் வைத்தால் ஜீவராணி கண்ணில் படும்.

"சாக்க நான் தூக்கிக்கிறேன்," என்றார் திடீரென்று.

"நீங்களா?"

"ஒன் தம்பி வீட்டு விசேஷம்தானே."

ஜீவராணி அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். அந்த இடைவெளியில் ஸ்வெட்டரைப் பேப்பரில் சுற்றிப் பலாக்காய்க்கு அடியில் திணித்து, சாக்கின் வாயை இறுக்கிக் கட்டினார் ஆண்டியப்பன்.

ஹட்டன் வரைக்கும் பயணம் சுகமாகத்தான் போனது. தலவாக்கலை தாண்டியதும் பஸ்ஸுக்குள் பனி புகுந்தது. ஜீவராணி சால்வையை இழுத்து இழுத்துப் போர்த்திப் பார்த்தாள்.

"ஏங்க, அந்த சாக்க கொஞ்சம் இப்புடி தாங்க."

அவர் காரணம் கேட்பதற்குள் கட்டை அவிழ்த்தாள். துழாவவே இல்லை. கை நேராகப் பலாக்காய்க்கு அடியில் போய் ஸ்வெட்டரோடு வெளியே வந்தது.

"இத யாருங்க இங்க வச்சது?"

முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். உண்மையைச் சொன்னால் மானம் போகும். ஆண்டியப்பன் குரலைத் தாழ்த்தினார்.

"ஒனக்குத்தான். ஒன் ஸ்வெட்டர எடுத்துப் போட்டுட்டேனே, குளிருமேன்னு..."

"எனக்கா? என்னா பாசம்," என்று சொல்லிக்கொண்டே அவள் அதை மாட்டிக்கொண்டாள். மிச்சத் தூரம் முழுவதும் ஆண்டியப்பன் தன் கைகளைத் தன் கக்கத்திலேயே வைத்துக் காப்பாற்றினார்.

போய் இறங்கியதும் ஒற்றைச் சட்டையைப் பார்த்து விஜிதரன் அசந்துபோனான். ஜீவராணி ஸ்வெட்டர் வந்த கதையைப் பிரியந்தியிடம் சொன்னாள். பிரியந்தி அதைத் தன் புருஷனிடம் சொல்லி, அண்ணனைப் பார்த்துப் பழகுங்க என்றாள். ஆண்டியப்பனின் மதிப்பு ஏறிக்கொண்டே போனது. உடம்புச் சூடு அதே வேகத்தில் இறங்கியது. ராத்திரி விஜிதரன் வீட்டுக் கம்பளி அவரைக் காப்பாற்றியது.

விடியற்காலையில் பால் காய்ச்சினார்கள். வெளியே லீக்ஸ் பாத்தியெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடந்தது. ஆண்டியப்பன் பால் பானையை விட்டு நகரவில்லை. பக்தி என்று எல்லாரும் நினைத்தார்கள். அடுப்பு அங்கேதான் இருந்தது. ஐயர் இரண்டு தடவை அவரைத் தள்ளி நிற்கச் சொன்னார். விஜிதரன் தன் ஜாக்கெட்டைக் கழற்றி நீட்டினான். வேண்டாம் என்று சொல்ல வாய் திறந்தவருக்குப் பல்தான் தாளம் போட்டது, சொல் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

கடைசியில், ஆள் இல்லாத பின்கட்டு அறைக்கு ஜீவராணியைக் கூப்பிட்டுப் போனார்.

"ராணி, அந்த ஸ்வெட்டர..."

"எந்த ஸ்வெட்டர்? எனக்குன்னு ஆசையா கொண்டாந்தீங்களே, அதுவா?"

"கொஞ்ச நேரம் தா."

"பாசமா குடுத்தத திருப்பி வாங்கலாமாங்க?" என்று கேட்டபடி அவர் கையைத் தொட்டவள் திடுக்கிட்டாள். ஐஸ்கட்டி. பாவமாகப் போய்விட்டது அவளுக்கு. எவ்வளவு வீம்பு பிடித்தாலும் அவள் புருஷன்தானே. சட்டென்று அந்த ஒரே பேக்கைத் திறந்து, அவருடைய சட்டைகளுக்கு அடியில் இருந்து ரோஸ் ஸ்வெட்டரை எடுத்து நீட்டினாள்.

"இத நான் கட்டில்ல எடுத்துப் போட்டேனே?"

"நீங்க சாக்கு தூக்குறேன்னு சொன்னப்பவே திரும்ப உள்ள வச்சிட்டேன். போடுங்க மொதல்ல."

மானமா உயிரா என்று யோசிக்கிற நிலையில் அவர் இல்லை. அது தடியானது, சட்டைக்கு உள்ளே போகவில்லை. மேலேயே மாட்டினார். பூப்போட்ட கழுத்து வழியாகத் தலையை வெளியே நீட்டியபோது, வாசலில் விஜிதரன் போனைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான்.

படத்துக்கு என்ன பெயர் போடலாம் என்று அவன் அக்காவைக் கேட்டான். "வட்டகொடை குளிர்ல பொறந்தவர்னு போடு தம்பி," என்றாள் ஜீவராணி.