மாஸ்டருக்கு வந்த சுகர்

"சர்க்கரை டப்பா வாஷிங் மெஷினுக்குள்ள என்னடா பண்ணுது?"

அம்மா டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். பேக்கரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மாஸ்டர் ஒற்றைக் காலில் செருப்போடு அப்படியே நின்றுவிட்டார். கேக்கின் மேல் க்ரீமில் ரோஜாப்பூ வைக்கச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு வைப்பார் மனுஷன். பொய் மட்டும் அவருக்கு வராது. வந்தாலும் கோணலாகத்தான் வரும்.

"எனக்கு சுகர் வந்திருச்சும்மா," என்றார்.

அடுப்படியில் அவர் மனைவி கரண்டியைக் கீழே போட்டாள்.

விஷயம் என்னவென்றால், சுகர் மாஸ்டருக்கும் இல்லை, யாருக்கும் இல்லை. அவர் மனைவி முழுகாமல் இருந்தாள். ஆரம்பத்திலேயே எடுத்த ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா சொல்லியிருந்தார்: "பயப்படாதீங்க. இது சுகர் இல்ல. ஆனா ரத்தத்துல சில அளவுகள் கொஞ்சம் மேல நிக்குது. பின்னாடி கர்ப்பகால சுகர் வர வாய்ப்பு மத்தவங்களை விட உங்களுக்குக் கொஞ்சம் கூடுதல்னு அர்த்தம். வரலாம், வராமலும் போகலாம். இனிப்பைக் குறைங்க, சாப்பிட்டதும் நடங்க, ஆறாம் மாசம் மறுபடி பார்ப்போம். முன்கூட்டியே தெரிஞ்சதே நல்லதுதான்."

நல்லதுதான், யார் இல்லை என்றார்கள்? மாஸ்டர் அன்றைக்கு டாக்டரம்மாவுக்கு மூன்று தரம் கும்பிடு போட்டுவிட்டுத்தான் வெளியே வந்தார். ஆனால் வீட்டில் சொல்ல முடியாதே! போன தடவை விஷயம் தெரிந்த அன்றைக்கே அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். அந்தக் கரு தங்கவில்லை. அப்புறம் காய்கறி வாங்கப் போன இடத்தில்கூட "எத்தனாவது மாசம்?" என்று கேட்டார்கள். ஒவ்வொருத்தருக்கும் பதில் சொல்லிவிட்டு வந்து அந்தப் பெண் அழுத அழுகையை மாஸ்டரால் மறக்க முடியவில்லை.

"இந்தத் தடவை வயிறு தெரியிற வரைக்கும் அத்தைக்குத் தெரியக் கூடாதுங்க. அதை இன்னொரு தடவை என்னால தாங்க முடியாது," என்று கையைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருந்தாள்.

தெருவில் அம்மாவுக்கு வானொலி என்று பெயர். நியாயமான பெயர்தான்.

"சுகரா? உனக்கா? அடப்பாவி, வயசு என்னடா ஆச்சு உனக்கு!" அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அதான்மா, வீட்ல இனிமே இனிப்பே வேணாம். எல்லாரும் விட்டுட்டா எனக்கு ஆசை வராது பாரு."

தப்பித்தோமடா சாமி என்று மூச்சு விட்டார். இன்னொரு செருப்பை மாட்டுவதற்குள் அம்மா பக்கத்து வீட்டு வாசலில் நின்றாள்.

"என் பையனுக்கு சுகருங்க! இனிமே யாரும் எங்க வீட்டுக்கு ஸ்வீட் கீட்னு எதையும் கொண்டுவராதீங்க, சொல்லிட்டேன்!"

அன்று சாயங்காலமே ஒரு டம்ளர் பாகற்காய்ச் சாறு அவருக்காகக் காத்திருந்தது.

"அம்மா, எனக்கு லேசான சுகர்தாம்மா," என்று சமாளித்துப் பார்த்தார்.

"லேசா இருக்கும்போதே அடக்கணும்," என்றாள் அம்மா. மறுநாள் காலையிலும் ஒரு டம்ளர் வந்தது.

சாப்பிட்டு எழுந்ததும் நடை. "தனியா அனுப்பினா இவன் நேரா டீக்கடையில போய் உக்காந்துக்குவான். நீயும் கூடப் போம்மா," என்று மருமகளை எழுப்பி அனுப்பினாள். தட்டில் சோறு குறைந்தது, காயும் பயறும் ஏறின. "அவனுக்குத் தனியா, நமக்குத் தனியான்னு என்னால ரெண்டு சமையல் பண்ண முடியாது. எல்லாரும் இதைத்தான் சாப்பிடணும்!"

மாஸ்டருக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். டாக்டரம்மா சொன்னதெல்லாம் ஒன்று விடாமல் தானாக நடந்துகொண்டிருந்தது. சாறு குடித்து நாக்கு செத்துப்போனாலும், தெருமுனை வரை கைகோத்து நடக்கும்போது மனைவி முகத்தில் பழைய சிரிப்பு எட்டிப் பார்த்தது. என்னைப் பெத்தவளே, நீ நல்லா இருக்கணும் என்று மனசுக்குள் நூறு தரம் சொல்லிக்கொண்டார்.

வானொலி ஒரு தெருவோடு நிற்குமா? ஒருநாள் பேக்கரிக்கே வந்துவிட்டது.

"முதலாளி, என் பையன் நாக்குல க்ரீம் படவே கூடாது. சுகர்!"

முதலாளி இளகின மனசுக்காரர். "மாஸ்டர், ருசி பாக்காம கேக் போட முடியுமா? உடம்புதான் முக்கியம். இனிமே நீங்க ரொட்டி அடுப்பைப் பாத்துக்கங்க," என்று சொல்லிவிட்டார்.

ரோஜாப்பூ வைத்த கை ரொட்டித் தட்டைத் தள்ளியது. அவருக்குப் பதிலாக வந்த ஆள் வைத்த பூ, முட்டைக்கோஸ் மாதிரி இருந்தது. பார்த்துப் பார்த்து மாஸ்டருக்கு வயிறு எரிந்தது. ஒரு வாரம் பொறுத்தார். அப்புறம் முதலாளியிடம் போய், "எனக்கு சுகரெல்லாம் இல்லீங்க. அம்மா தப்பாப் புரிஞ்சுக்கிட்டாங்க," என்றார்.

"அப்படியா? அப்போ லேப் ரிப்போர்ட்டைக் காட்டிட்டு க்ரீம் பக்கம் வாங்க," என்ற முதலாளி, நல்லது செய்வதாக நினைத்து அம்மாவுக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டார்.

"காலையில வெறும் வயித்தோட கிளம்பு. நானே கூட்டிட்டுப் போறேன்," என்றாள் அம்மா.

வசமாக மாட்டிக்கொண்டார். சுகர் இல்லை என்று வந்தால் வேலை பிழைக்கும். ஆனால் 'அப்போ டப்பாவை யாருக்காகடா ஒளிச்சு வெச்சே?' என்று அம்மா கேட்பாள். சுகர் இருக்கிறது என்று வந்தால் காலத்துக்கும் ரொட்டி அடுப்புதான்.

"உண்மையைச் சொல்லிடலாமாங்க?" என்றாள் மனைவி. கேட்டுவிட்டு அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம்மா. நீ நிம்மதியா இருந்தா போதும். பூ போனா போகட்டும்."

காலையில் குளியலறையில் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு, முந்தின நாள் ஒளித்துக் கொண்டுவந்த அரைக் கிலோ க்ரீம் கேக்கை நின்றபடியே விழுங்கினார். இனிப்பைத் தின்று இவ்வளவு துக்கப்பட்டவர் உலகத்தில் வேறு யாரும் இருக்க மாட்டார்.

லேபில், "ரத்தத்தைப் பாத்தா எனக்கு மயக்கம் வரும்," என்று அம்மா வெளியிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

ரத்தம் எடுக்கும் பெண் அவர் கையைத் திருப்பி நரம்பு தேடினாள். "வெறும் வயிறுதானே சார்?"

"ஆமாங்க. பச்சைத் தண்ணிகூடக் குடிக்கல."

"மீசையில க்ரீம் இருக்கே?"

மாஸ்டர் உடைந்துபோனார். "அம்மா தாயே, எப்படியாவது ரிப்போர்ட்ல சுகரைக் கூட்டிப் போட்டுக் குடுத்திருங்க!"

"என்ன சார் இது? எல்லாரும் குறைக்கச் சொல்லித்தான் கெஞ்சுவாங்க!"

"என் வீட்டுக்காரிக்காகத்தாங்க. அவ முழுகாம இருக்கா. எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா ஊருக்கே தெரிஞ்சிரும். அவங்க வாயில ஒரு விஷயம் நிக்காதுங்க."

வெளியே அம்மாவின் குரல் கணீரென்று கேட்டது. "என் பையனுக்கு சுகருங்க! அதான் வீட்ல யாரும் இனிப்பைத் தொடுறதில்ல!"

அந்தப் பெண் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"உங்கம்மா போன மாசமே இங்க வந்துட்டாங்க சார். 'வாந்தி எடுக்கிறது மருமக, சுகருங்கிறான் பையன். பிள்ளைத்தாச்சிக்கு சுகர் வராம இருக்க என்ன சமைக்கணும், எவ்வளவு நடக்க வைக்கணும்'னு எல்லாம் கேட்டுக்கிட்டு, 'போன தடவை என் வாயால அந்தப் பொண்ணு பட்டது போதும், இந்தத் தடவை அவளா வந்து சொல்ற வரைக்கும் எனக்கு எதுவுமே தெரியாது'ன்னு கண்ணைத் துடைச்சுக்கிட்டே போனாங்க."