சாயம் போகாத பட்டன்

“சாயம் போகுதேம்மா!”

சௌடப்பன் தன் போனைச் சுகந்தியின் மூக்குக்கு நேராக நீட்டினார். திரையில் அவருடைய சேலைக்கடையின் புத்தம்புது வலைத்தளம் இருந்தது. அன்று காலையில்தான் சுகந்தி அதை முடித்துக் கொண்டுவந்திருந்தாள்.

“எங்க முதலாளி?”

“இந்தா பாரு. ‘கட்டம் போட்ட சேலைகள்’னு நீலத்துல எழுதியிருந்துச்சா? அமுக்குனேன். உள்ள போயி பாத்துட்டுத் திரும்பி வந்தா ஊதாவாக் கெடக்கு. ஒரு தடவ தொட்டதுக்கே இந்தக் கதின்னா, தொவச்சா என்ன ஆகும்?”

“அது சாயம் இல்ல முதலாளி. ஏற்கெனவே போய்ப் பாத்த லிங்குன்னு பிரவுசரு அடையாளம் வைக்கிது. எல்லா வெப்சைட்டுலயும் அப்படித்தான்.”

“எல்லாக் கடையிலயும் சாயம் போகுதுங்கிறதுக்காக நம்ம கடையிலயும் போகணுமா?”

சுகந்தி நோட்டை எடுத்து ‘லிங்கு நிறம்’ என்று குறித்துக்கொண்டாள்.

அவளால் அவரிடம் வாதாட முடியாது. அருப்புக்கோட்டையில் சௌடப்பன் எந்த நூலை வாங்குகிறாரோ அந்த நூலைத்தான் அவர் தெருவே வாங்கும். அவர் கடைக்கு எந்த நிற பெயின்ட் அடித்தாரோ அதே நிறத்தில் பக்கத்துக் கடைகளும் மாறியிருந்தன. அவர் வாயிலிருந்து ‘நல்லாருக்கு’ என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால், ஜெராக்ஸ் கடை மாடியில் சுகந்தி வைத்திருந்த ஒற்றை அறை ஆபீசுக்கு அந்தத் தெரு மொத்தமும் படியேறி வரும்.

வராவிட்டால் திருப்பூர். அண்ணன் மாரிச்செல்வம் அங்கே ஒரு பனியன் கம்பெனியில் அவளுக்குப் பில் போடும் வேலை பேசி வைத்திருந்தான். “ஒரு பெரிய கடையாச்சும் உன் வேலையச் சரின்னு சொல்லட்டும், நான் வாயத் தொறக்கல. இல்லாட்டி இந்த ஞாயித்துக்கெழமை வண்டி ஏறிரு” என்று சொல்லியிருந்தான்.

அவளுக்குத் திருப்பூர் மீது கோபமில்லை. தன் ஊரான திருச்சுழியிலிருந்து வரும் காலை பஸ், ஜன்னலுக்கு வெளியே முடிவில்லாத சீமைக்கருவேலம், மடியில் பனி கொட்டும் தேசத்து நாவல் ஒன்றின் தமிழ் மொழிபெயர்ப்பு, பஸ்ஸை விட்டு இறங்கினால் தன் பெயர் எழுதிய கதவு. இதை எதற்கு விடவேண்டும் என்றுதான் அவளுக்குப் புரியவில்லை.

“மாத்திட்டு வாரேன் முதலாளி.”

“மாத்து. நீயே பாரு, எங்க வீட்ல சாயத்த எப்படிப் பாக்குறான்னு.”

கடையின் பின்கட்டில் அவர் மனைவி சுப்புலட்சுமி, சாயப்பட்டறையிலிருந்து வந்த நூல் சிட்டங்களைக் குவித்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். கட்டைவிரலைத் தண்ணீரில் தொட்டு, சிட்டத்தை அழுத்தித் தேய்த்து, விரலில் சாயம் ஒட்டியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்தாள். அப்புறம் அடுத்த சிட்டம்.

“எல்லாம் ஒரே நூலுதானக்கா? ஒண்ணத் தேய்ச்சுப் பாத்தாப் பத்தாதா?” என்று கேட்டாள் சுகந்தி.

“ஒண்ணு நல்லாருக்குன்னு இன்னொண்ண நம்ப முடியுமா பாப்பா? ஒண்ணொண்ணாத்தான் பாக்கணும்” என்றாள் சுப்புலட்சுமி. பிறகு புருஷனிடம் அவர்கள் வீட்டுப் பேச்சான கன்னடத்தில் ஏதோ சொன்னாள். அவர் தலையாட்டினார்.

“அவ விரலு சரின்னு சொல்லாம இந்தக் கடையிலருந்து ஒரு கைக்குட்டை வெளிய போனதில்ல” என்றார் பெருமையாக.

சுகந்தி ஆபீசுக்குப் போய், பார்த்த லிங்குக்கும் பார்க்காத லிங்குக்கும் ஒரே நீலத்தைக் கொடுத்தாள். பத்து நிமிட வேலை. திரும்பி வந்து காட்டினாள்.

“ஊதாவாத்தான் இருக்கு” என்றார் சௌடப்பன்.

“உங்க போனு பழசையே ஞாபகம் வச்சிருக்கு முதலாளி. ரெப்ரெஷ் பண்ணுங்க.”

“எனக்கே காலையில தின்னது ஞாபகம் இல்ல. இது வச்சிருக்காக்கும்.”

ரெப்ரெஷ் செய்ததும் நீலம் வந்தது. அவர் அமுக்கினார், திரும்பினார், மறுபடி அமுக்கினார். நீலம் நீலமாகவே இருந்தது. சுகந்தி மூச்சு விட்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

“அதென்ன, எழுத்துக்கு அடியில ஒரு நூலு பிரிஞ்சு தொங்குது?”

“அடிக்கோடு முதலாளி. அமுக்குற எடம்னு தெரியணும்ல?”

“வெட்டி விடு.”

வெட்டி விட்டாள். நீலமும் கண்ணைக் குத்துகிறது என்றார், கறுப்பாக்கினாள். இப்போது லிங்கு எது, சும்மா எழுத்து எது என்று படைத்தவளுக்கே தெரியவில்லை. சௌடப்பன் தலைப்பை அமுக்கினார், சௌடேஸ்வரி அம்மன் படத்தை அமுக்கினார், கடைசியில் மாலையோடு இருந்த தன் போட்டோவையே அமுக்கினார்.

“ஒண்ணும் தெறக்கலையே. கடைய எடுத்துச் சாத்திட்டியா?”

“லிங்கே வேணாம் முதலாளி. எல்லாத்தையும் பட்டனா ஆக்கிர்றேன். பாத்தாலே அமுக்கத் தோணும்.”

அடுத்த நாள் பட்டன்களோடு வந்தாள். நல்ல அரக்கு நிறம். சேலையின் படம், அதன் கீழே பட்டன், பட்டனின் மேல் ‘எடுத்து வைங்க’ என்ற எழுத்து. கடைக்கு வரும் பெண்கள் விரலை நீட்டிச் சொல்வது அதைத்தானே. சௌடப்பனுக்கு அந்த யோசனை பிடித்துப்போயிற்று. அவர் அண்ணன் மகனும் கடையின் அலமாரிப் பொறுப்பாளனுமான கார்த்தீஸ்வரன் தன் ஐபோனை எடுத்துப் பார்க்கும் வரைக்கும்.

“சித்தப்பா, என்னுதுல தலகாணி மாதிரி உருண்டு இருக்கு.”

“எனக்குச் செங்கல் மாதிரில்ல இருக்கு!”

“லேப்டாப்புல ஃபயர்பாக்ஸ்ல பாருங்க, ஒல்லியா இருக்கு.”

மூன்றையும் மேசைமேல் வரிசையாக வைத்துவிட்டு சௌடப்பன் சுகந்தியைப் பார்த்தார்.

“ஏம்மா, ஒரே தறியில ஒரே பாவுல நெய்த சேல நரிக்குடிக்குப் போனா ஒரு மாதிரி, வீரசோழன் ஊருக்குப் போனா ஒரு மாதிரின்னா, என்னைய என்னன்னு நெனப்பாக?”

“ஒவ்வொரு பிரவுசருக்கும் ஒரு பழக்கம் இருக்கு முதலாளி. பட்டனு, பெட்டி எல்லாத்தையும் அது அதுக்குத் தெரிஞ்ச மாதிரி வரையும்.”

“அது பழக்கத்த அது வீட்ல வச்சுக்கிறட்டும்.”

பிரவுசர்கள் தாமாகப் போடும் அலங்காரம் எதுவும் வேண்டாம் என்று ஒரே வரியில் எழுதினாள். பட்டன்கள் எல்லாப் போனிலும் ஒரே மாதிரி வந்து நின்றன. அந்த ஒரே வரியால், பார்டர் நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் பெட்டியின் ஓரத்திலிருந்த சின்ன அம்புக்குறியும் காணாமல் போயிற்று.

“இந்தக் கட்டம் எதுக்குச் சும்மா நிக்கிது?” என்றார் சௌடப்பன்.

“அதத் தொட்டா பார்டர் கலரெல்லாம் எறங்கும்...”

“எறங்குமுன்னு யாருக்குத் தெரியும்? எடுத்துரு.”

சேலை கேட்பவர்கள் முகவரி எழுதும் பெட்டி ஐபோனில் அகலமாகவும் லேப்டாப்பில் குறுகலாகவும் இருந்தது. அதையும் எடுக்கச் சொன்னார். பெயர்ப் பெட்டி தனியாக நிற்பது அநாதை மாதிரி இருக்கிறது என்று அதுவும் போயிற்று. மிஞ்சியது போன் நம்பர்ப் பெட்டி.

“இது கட்டாயம் வேணும் முதலாளி” என்று சுகந்தி இரண்டு கையாலும் அதை மறைத்துக்கொண்டாள்.

“பொம்பளப் பிள்ளைக முன்னப்பின்ன தெரியாத கடைக்கு நம்பரு குடுக்குமா? நீ குடுப்பியா?”

“குடுக்க மாட்டேன்.”

“பெறகென்ன? நம்ம நம்பரு மேல கொட்டையா இருக்கு. அமுக்குனா எந்தச் சேலைன்னு என் போனுக்கு வந்துரும். கார்த்தி எடுத்து வைப்பான். அவுகளே கூப்பிட்டு, அந்த அரக்கு எங்கன்னு கேப்பாக. இத்தன வருசமா கடையில அப்படித்தான நடக்குது?”

சுகந்திக்கு அது ஒரு கணம் நியாயமாகவே பட்டது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

அதற்குள் சௌடப்பன் பட்டனை அமுக்கிவிட்டு அலறினார்.

“வெளுத்துருச்சு! அரக்கு ரோசாவாயிருச்சு!”

விரல் பட்டால் நிறம் கொஞ்சம் வெளிறும்படி அவள் அழகுக்கு வைத்திருந்தாள். மவுஸ் விலகினால் லேப்டாப்பில் பழைய நிறம் திரும்பிவிடும். போனிலோ விரலை எடுத்த பிறகும் வெளிறல் அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றது.

“அமுக்கிட்டீகன்னு காட்டத்தான் முதலாளி அது.”

“நம்ம சரக்கு வெளுக்குதுன்னுல்ல காட்டுது!”

அதையும் எடுத்தாள். பட்டனை அமுக்கியதும் ‘நன்றி’ என்று ஒரு சின்னப் பெட்டி குதித்து வரும். அதுவும் இரண்டு போனிலும் லேப்டாப்பிலும் மூன்று விதமாகக் குதித்தது.

“யாரு இவன் குறுக்க குறுக்க? அனுப்பி விடு.”

நன்றியும் கிளம்பிப் போயிற்று.

இப்போது வலைத்தளத்தில் சேலைகளின் படங்களும், ஒவ்வொன்றின் கீழும் ஒரு அரக்குப் பட்டனும் மட்டும் இருந்தன. எந்த பிரவுசரில் திறந்தாலும் ஒரே அளவு, ஒரே நிறம். தொட்டாலும், அழுத்தினாலும், குத்தினாலும் அசையாது. சுகந்தி இதுவரை செய்த வேலைகளில் மிகச் சுத்தமானதும் மிக உதவாததும் அதுதான்.

“முதலாளி, கடைசியா ஒண்ணு சொல்லிர்றேன். அமுக்குனது அமுக்குனவுகளுக்கே தெரியாது.”

“நமக்குத் தெரியும்ல? போதும்” என்றார் சௌடப்பன். போனை எடுத்து, தனக்குத் தெரிந்த எல்லா எண்களுக்கும் லிங்கை அனுப்பினார். நரிக்குடி வியாபாரிகள், வீரசோழன் வியாபாரிகள், சம்பந்தி வீடு, தன் வீடு, கோயில் கமிட்டி, ஒருவரையும் விடவில்லை. “ரெண்டு நாளு பாப்போம். நாலு பேரு அமுக்கட்டும், அப்பறம் சொல்றேன் நல்லாருக்கா இல்லையான்னு.”

சனிக்கிழமை காலை வரைக்கும் ஒருவரும் அமுக்கவில்லை. சுகந்தி கடையிலேயே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, சத்தமில்லாத சௌடப்பனின் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய போன்தான் அடித்தது.

“ஏ சுகந்தி, துணிமணியக் கட்டிட்டியா?” என்றான் மாரிச்செல்வம்.

“இரு அண்ணே, இன்னிக்குப் பொழுது இருக்கு.”

“பொழுது இருக்கு, ஆளு இருக்கா? அந்தப் பனிக்கத புஸ்தகத்தையும் எடுத்து வச்சுக்க. இங்கயும் படிக்கலாம்.”

அவள் போனை வைத்தாள். அப்போது சௌடப்பனின் போனில் ‘டிங்’ என்றது.

சௌடப்பன் பாய்ந்து எடுத்தார். “கார்த்தி! மயில்கழுத்துக் கட்டம், எடுத்து வையி!”

கார்த்தீஸ்வரன் எடுத்து வைத்தான். ‘டிங்.’ மறுபடியும் மயில்கழுத்து. ‘டிங்.’ அதே மயில்கழுத்து.

“ஒரே சேலைய மூணு பேரா சித்தப்பா?”

“அக்கா தங்கச்சிகளா இருக்கும்லே. ஒண்ணுபோலக் கட்டுவாக.”

‘டிங், டிங்.’ மாம்பழ மஞ்சள். ‘டிங்.’ அரக்குக்குப் பச்சை பார்டர். பிறகு நிற்கவே இல்லை. கார்த்தீஸ்வரன் ஏணியில் ஏறினான், இறங்கினான், ஏறினான். மேசைமேல் சேலைகள் அவன் நெஞ்சு உயரத்துக்கு எழும்பின. வீரசோழனில் பெரிய கல்யாணம் ஒன்று இருப்பதாகச் சௌடப்பன் சொன்னார். பிறகு அதை இரண்டு கல்யாணமாக்கினார்.

“யாரும் போன் பண்ணக் காணமே முதலாளி?” என்று சுகந்தி மெதுவாகக் கேட்டாள்.

“எல்லாத்தையும் பாத்து முடிக்க வேணாமா? மொத்தமாக் கூப்பிடுவாக. பொம்பளைக சேலை எடுக்குறத நீ பாத்ததில்ல?”

எதிர்க்கடை வீரபத்திரன் சத்தம் கேட்டு வந்து வாசலில் நின்றார். மலையாகக் குவிந்த சேலைகளையும் மணியடிக்கும் போனையும் மாறிமாறிப் பார்த்தார்.

“என்ன சௌடப்பா, கடையவே எறக்கிட்ட?”

“ஆன்லைனுய்யா, ஆன்லைனு! இந்தப் பிள்ளை செஞ்சது. நல்லாருக்கு!”

அந்த வார்த்தை வந்துவிட்டது. சுகந்தி ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள்.

“எனக்கும் இதே மாதிரி ஒண்ணு போட்ரும்மா” என்றார் வீரபத்திரன். “இதே பட்டனு, இதே கலரு. நீ சொந்தமா எதையும் சேத்துறாத.” அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு கடைக்காரர்கள் வந்து நின்று, அவள் ஆபீசுக்கு எந்தப் பக்கம் படி என்று விசாரித்தார்கள்.

சுகந்தி கடைக்கு வெளியே ஓடிப்போய் அண்ணனைக் கூப்பிட்டாள். “நான் வரல அண்ணே! இங்க தெருவே நிக்கிது!”

“நெசமாவா?” என்றான் மாரிச்செல்வம். “அப்பச் சரி. அந்தக் கம்பெனியில நான் வேற ஆளப் பாக்கச் சொல்லிர்றேன்.”

அவள் திரும்பி உள்ளே வந்தபோது மணி ஓய்ந்திருந்தது. கார்த்தீஸ்வரன் ஏணியின் நடுப்படியில் உட்கார்ந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தான். பின்கட்டிலிருந்து சுப்புலட்சுமி வந்தாள். ஒரு கையில் அவளுடைய போன், மறு கையில் ஒரு கிண்ணம் தண்ணீர்.

“வா வா, வந்து பாரு!” என்று சௌடப்பன் சேலை மலையைக் காட்டினார்.

சுப்புலட்சுமி அதைப் பார்க்கவில்லை. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, ஈரக் கட்டைவிரலை எல்லோருக்கும் தெரியும்படி வெளிச்சத்தில் உயர்த்திக் காட்டினாள்.

“பாப்பா, காலையிலருந்து ஒரு பட்டன் விடாம அமுக்கி அமுக்கித் தேய்ச்சுப் பாத்துட்டேன், ஒரு பொட்டுச் சாயம் ஒட்டலையே!”