கப்பல் நானாவின் கராம்பு அறை

இலங்கைக்குக் கப்பல் வருமா வராதா என்பதை முடிவு செய்கிறவர் கொழும்புத் துறைமுகத்தில் உட்கார்ந்திருப்பதாக நீங்கள் நினைத்தால், பாவம், உங்களுக்கு உலகம் தெரியவில்லை. அவர் மலைநாட்டு உக்குவளையில், ரயில் பாதைக்குப் பக்கத்தில், எங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டில் இருக்கிறார். கடலை வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறார். அதுவும் ஒரு கல்யாணத்துக்காகத் திருகோணமலைக்குப் போனபோது. "இவ்வளவு தண்ணிய நம்பியா நாம சோறு திங்கிறோம்" என்று கேட்டவர், கல்யாணச் சாப்பாட்டை அரைகுறையாக முடித்துவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே ஊர் திரும்பினாராம்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது தபால்காரருக்கே மறந்துவிட்டது. எங்களுக்கு அவர் கப்பல் நானா, பக்கத்துச் சிங்கள வீடுகளுக்கு நெவ் நானா. நெவ் என்றாலும் கப்பல்தான். நானா என்றால் அண்ணன். ஆனால் என் அம்மாவுக்கும் அவர் நானா, எனக்கும் நானா, என் அக்கா மகளுக்கும் நானா. தொழில், கராம்பு வியாபாரம். சுற்றியுள்ள தோட்டங்களில் கராம்பும் மிளகும் வாங்கிக் காயவைத்து மாத்தளை டவுனுக்கு அனுப்புவார். அங்கிருந்து அது கப்பலேறிப் போவதால், கப்பலைப் பற்றிப் பேசத் தனக்குத்தான் முதல் உரிமை என்பது அவர் கட்சி.

நானாவின் வீட்டில் நடு அறை எப்போதும் பூட்டியிருக்கும். சாவி அவருடைய சாரத்து பெல்ட்டில் தொங்கும். குளிக்கப் போனாலும் அது கூடவே போகும். உள்ளே அரிசி, பருப்பு, சீனி, டின்மீன், பால்மா, சவர்க்காரம், நெருப்புப்பெட்டி, லாம்பெண்ணெய் என்று ஒரு மொத்த வியாபாரக் கடையே முடங்கிக் கிடந்தது. மார்பு வரை தாடி வைத்திருக்கும் மனிதர் சவரபிளேட்டும் சேர்த்து வைத்திருந்தார். ஏன் என்று கேட்டால், "நாளைக்கு என்ன நடக்கும்னு யாருக்குத் தெரியும்" என்பார். வண்டு பிடிக்காமல் இருக்க ஒவ்வொரு சாக்கிலும் ஒவ்வொரு டின்னிலும் கைநிறையக் கராம்பு போட்டிருப்பார். எங்கள் ஒழுங்கைக்குள் நுழைகிற எவருக்கும் முதலில் தெரிவது அந்த வாசம்தான்.

அந்த அறைக்கு ஒரே ஒரு சட்டம். கப்பல் நின்றால் மட்டுமே திறக்கும். வேறு எதற்கும் திறக்காது.

இந்தச் சட்டத்தால் அதிகம் கஷ்டப்பட்டது அவர் மனைவி. அவரை நாங்கள் ராத்தா, அதாவது அக்கா, என்போம். சவர்க்காரம் மலையாகக் குவிந்திருக்கும் வீட்டுக்காரி, குளிக்கச் சவர்க்காரம் கேட்டு எங்கள் வாசலுக்கு வருவார். மாதத்தில் பாதி நாள் சீனியும் எங்கள் வீட்டிலிருந்துதான் போகும். "ராணி மாதிரி வாழலாம் நானு. ஆனா அதுக்குக் கப்பல் நிக்கணுமே" என்று அம்மாவிடம் சொல்லிச் சிரிப்பார். சிரிப்பு முடிந்ததும் ஒரு பெருமூச்சு வரும்.

பிறகு அந்தக் கஷ்ட வருடம் வந்தது. உங்களுக்கும் நினைவிருக்கும். கேஸ் இல்லை, பெற்றோல் இல்லை, பால்மா இல்லை. நாடே வரிசையில் நின்றது. இனி நானாவின் காலம்தான், அறையைத் திறந்துவிட்டுக் கால்மேல் கால் போட்டு உட்காரப் போகிறார் என்று ஒழுங்கையே பேசிக்கொண்டது. மறுநாள் காலையில் பால்மா வரிசையில் எனக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார் மனிதர். அறையைத் திறக்கவில்லையா என்று கேட்டேன்.

"என்னத்துக்குத் திறக்கிறது? கப்பல் வந்துதானே நிக்குது. டாலர் இல்லாம சாமான இறக்கல, அவ்வளவுதான். கப்பல் வராம இருக்கணும் புள்ள. அது வேற, இது வேற."

எந்த நீதிமன்றத்திலும் இப்படி ஒரு தீர்ப்பை நான் கேட்டதில்லை. அந்த வருடம் முழுவதும் அவர் எங்களோடு வரிசையில் நின்றார், எங்களோடு விறகில் சமைத்தார், எங்களோடு கறுப்புத் தேத்தண்ணி குடித்தார். நடு அறையில் ஒரு நெருப்புப்பெட்டிகூட நகரவில்லை. ராத்தா மட்டும் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

அவரை நாங்கள் கேலி செய்யாத நாளே இல்லை. உப்பு மூட்டை வாங்கி உருட்டிக்கொண்டு வந்தபோது அதிகமாகச் சிரித்தோம். நாலு பக்கமும் கடல் இருக்கிற நாட்டுக்கு உப்பும் கப்பலிலா வரும் என்று கேட்டோம். நானா மூட்டையை உருட்டிக்கொண்டே போய்விட்டார். கொஞ்ச காலம் கழித்து மழை உப்பளங்களைக் கெடுத்துவிட்டது, உண்மையாகவே உப்பு வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்தது. செய்தி வந்த அன்று, வேலை ஒன்றும் இல்லாமலேயே நானா ஒழுங்கையின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தார். கைகள் முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தன. எல்லோரும் வீட்டுக்குள் போய் ஒளிந்துகொண்டோம்.

அதற்குப் பிறகுதான் அந்தப் பெருமழை. அதற்குள் வேலைக்காகக் கொழும்புக்குப் போயிருந்த நான், அம்மாவைப் பார்க்க வந்த இடத்தில் நன்றாக மாட்டிக்கொண்டேன். மலை சரிந்து கண்டிப் பக்கமும் அடைபட்டது, மாத்தளைப் பக்கமும் அடைபட்டது. தண்டவாளத்தின் மேல் சேறு நின்றது. மின்சாரம் இல்லை, போன் வேலை செய்யவில்லை. மேல்தோட்டத்தில் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்குப் பின்னால் மண் இறங்கத் தொடங்கியதும், அங்கிருந்த சனங்கள் உடுத்த துணியோடு கீழே ஓடி வந்து பாடசாலை மண்டபத்தில் தங்கினார்கள். ஒரு வேளைச் சாப்பாட்டை ஒழுங்கையில் எல்லா வீடுகளும் சேர்ந்து கொடுத்தோம். அத்தோடு எங்கள் பானைகளின் அடி தெரிந்தது. மூலைக்கடையில் பல்பொடி மட்டும்தான் மிச்சம். மறுநாள் மத்தியானம் மண்டபத்துக்குக் கொடுக்க ஊரில் ஒன்றுமே இல்லை, அந்த ஓர் அறையைத் தவிர.

அம்மாவும் ராத்தாவும் நானாவிடம் போனார்கள். நானும் பின்னால் போனேன். நடு அறைக் கதவுக்குக் குறுக்கே கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். சாவியை ஒரு கை பிடித்துக்கொண்டிருந்தது. அம்மா நிலைமையைச் சொன்னார்.

"விளங்குது தங்கச்சி. ஆனா இது மழை. ரோட்ட நாளைக்கு வெட்டித் திறந்துருவாங்க. நாளைக்குக் கப்பல் நின்னா யாரு வெட்டித் திறக்கிறது?"

"கப்பல் வந்தா மட்டும் என்ன நானா? கண்டி ரோட்டுல மண்ணுக்கு மேலால ஏறி வருமா?" என்றார் அம்மா.

நானா சாவியை இன்னும் இறுக்கிப் பிடித்தார். எழுந்திருக்கவில்லை. ராத்தா அவரைப் பார்த்த பார்வையை நான் என் எதிரிக்கும் விரும்பமாட்டேன். உள்ளதைச் சொல்கிறேன், எனக்கும் அந்த நேரத்தில் அவர்மேல் கடும் கோபம். இந்த மனிதரையா இத்தனை காலமும் கேலியும் செல்லமுமாகக் கொண்டாடினோம் என்று தோன்றியது.

அப்போது வாசலில் ஒரு குரல் கேட்டது. மண்டபத்திலிருந்து வந்த ஒரு தோட்டத்துப் பெண். கையில் வெறும் சட்டி. மழையில் தலை முழுக்க நனைந்திருந்தது.

"அரிசி கொஞ்சம் இருக்குமாங்க? பெரியவங்க நாங்க தாங்கிக்கிருவோம். புள்ளைங்கதான் அழுவுதுங்க."

நானா அந்தச் சட்டியைப் பார்த்தார். முகம் என்னவோ போல் ஆகிவிட்டது. கதிரையைக் காலால் தள்ளினார். அவசரத்தில் சாவி பெல்ட்டிலிருந்து கழலவில்லை, பெல்ட்டையே கழற்றிவிட்டார். ஒரு கையில் சாரத்தைப் பிடித்துக்கொண்டு மறுகையால் பூட்டைத் திறந்த அந்தக் கோலத்தை வேறொரு நாளில் கண்டிருந்தால் ஒழுங்கை ஒரு வருடம் சிரித்திருக்கும்.

"உள்ள வாங்க மகள். சட்டி காணாது. சாக்கோட எடுங்க."

அதற்குப் பிறகு நடந்ததை எழுதும்போது இப்போதும் என் நெஞ்சு கொஞ்சம் நிமிர்கிறது. பிள்ளையார் கோயிலின் பெரிய சமையல் கிடாரம் வந்தது, பலர் சேர்ந்து சாப்பிடும் பள்ளிவாசல் சகன் தட்டுகள் வந்தன, சிங்கள வீடுகளிலிருந்து பலாக்காய் வெட்டி வந்தது. ராத்தா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கிடாரத்துக்கு முன்னால் நின்றார். அத்தனை வருடம் அந்த அறையை வெளியிலிருந்தே பார்த்தவர், இப்போது பருப்பைக் கையால் அள்ளி அள்ளிப் போட்டார். சோறு வெந்ததும் மண்டபம் முழுக்கக் கராம்பு வாசம். பிள்ளைகள் அதைப் புரியாணி என்று நினைத்து இறைச்சி எங்கே என்று கேட்டார்கள். தேத்தண்ணியிலும் கராம்பு, பால்மாவிலும் கராம்பு. நானாவின் சவர்க்காரத்தில் குளித்துவிட்டு வந்த சனங்களும் கராம்பாக மணந்தார்கள். சவரபிளேட்டும் வீண்போகவில்லை. மண்டபத்து ஆண்கள் எல்லோரும் மாப்பிள்ளைகள் மாதிரி மழித்த முகத்தோடு இருந்தார்கள். கடைசியில் மண்ணை வெட்டிக்கொண்டு வந்து சேர்ந்த இராணுவப் பையன்கள், மண்டபத்தைப் பார்த்துவிட்டு யார் வீட்டுக் கல்யாணம் என்று சிங்களத்தில் கேட்டார்கள்.

ரோடு திறந்த அன்று, கழுவிக் கவிழ்த்த கிடாரத்துக்குப் பக்கத்தில் நானா உட்கார்ந்திருந்தார். கப்பல் நிற்காமலே ஏன் திறந்தீர்கள் என்று சும்மா சீண்டினேன். வழக்கமாக அவர் ஒரு விளக்கம் வைத்திருப்பார். அன்று வேறொன்றைச் சொன்னார். எங்கள் பெரியவர்கள் பாண் ரொட்டிக்கு வரிசையில் நின்ற பழைய பஞ்சகாலத்துக் கதை அது.

"எனக்கு அப்ப ஸ்கூல் போற வயசு. மேல்தோட்டத்துல இருந்து ஒரு பொம்பள சட்டியோட எங்க வாசலுக்கு வந்தாங்க. வீட்டுல எங்களுக்கே அரிசி இருக்கல. உம்மா அழுதழுது கதவச் சாத்தினாங்க. ஏன் உம்மா அரிசி இல்லன்னு கேட்டேன். கப்பல் வரல மகன்னாங்க."

அவ்வளவுதான் சொன்னார். பிறகு பெல்ட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்து போனார். நாங்கள் ஒரு ஒழுங்கை முழுக்கச் சிரித்த அறை, இன்னொரு தடவை அந்தக் கதவைச் சாத்தக்கூடாது என்பதற்காக ஒரு மனிதர் நிரப்பிய அறை என்று அன்றுதான் விளங்கியது. அம்மா அன்று இரண்டு சவர்க்காரம் வாங்கி, ஒன்றை நானாவின் அறையில் காலியாகக் கிடந்த தட்டில் வைத்துவிட்டு வந்தார். அடுத்த நாள் பார்த்தால் பக்கத்தில் ஒரு பருப்புப் பொட்டலம் இருந்தது. மேல்தோட்டத்திலிருந்து ஒரு பொதி தேயிலை இறங்கி வந்தது. அறை இப்போது மெல்ல மெல்ல நிரம்புகிறது. சாவி ராத்தாவின் இடுப்பில் இருக்கிறது.

இப்போது மறுபடியும் ஏதோ கடல்வழி மூடப்போவதாகச் செய்தி ஓடுகிறது. போன வாரம் கொழும்பில் என் அறைக்கு ஊரிலிருந்து ஒரு பெட்டி வந்தது. சவர்க்காரம், நெருப்புப்பெட்டி, டின்மீன், பருப்பு, எல்லாவற்றுக்கும் நடுவில் கைநிறையக் கராம்பு. உடனே போனும் வந்தது.

"திறந்து வச்சுத் தின்னுறாத புள்ள. கப்பல் நின்னா உனக்கு. வாசலுக்கு யாராச்சும் வந்தா அவங்களுக்கு."

பெட்டியை அலுமாரியில் வைத்திருக்கிறேன். என் சேலைகளெல்லாம் கராம்பு வாசம் பிடித்துவிட்டன. அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரி இரண்டு நாளாக மூக்கை உறிஞ்சிவிட்டு, பல்வலியா என்று கேட்டாள்.

"இல்ல," என்றேன். "எங்க நானா."